தங்கவயலும் விண்மீனும்

பாலகாட்டில் நம் முன்னோர் பொன்னுக்காகப் பாறை குடைந்தனர். இவ்வயலின் ஆழம் வான ஆராய்ச்சிக்கும் உதவிய வரலாற்றை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

விண்ணினின்று ஓயாது பொழியும் காஸ்மிக் கதிர்கள் தரைமீதுள்ள கருவிகளைக் குழப்பும். ஆழப் பாறை அவற்றைத் தடுத்துவிடும்; நியூட்ரினோ என்னும் நுண்துகளோ பாறையையும் ஊடுருவும். ஆதலின் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்து எம். ஜி. கே. மேனன் முதலியோர், ஜப்பானிய, ஆங்கில அறிஞருடன் கூடிச் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் ஏறத்தாழ 7,500 அடி ஆழத்தில் கருவிகள் அமைத்தனர். காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தை 1965இல் அங்கே கண்டனர். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றிலும் அவ்வாண்டே அது புலப்பட்டது.

அம்மேனன் பெயர் தாங்கிய ஆய்வுக்கூடம் இன்று பெங்களூர்ச் சாலையில் ஹொஸ்கோட்டையில் உள்ளது. 2015 செப்டம்பர் 28இல் விண்ணேறிய ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கி அங்கேதான் உருவாயிற்று. 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலமொன்றின் ஒளியை அது கண்ட செய்தி 2020இல் வெளியாயிற்று.

சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. சயனைடு மேடுகளே எஞ்சின என நாம் மனந்தளரலாகாது. அறிஞர் பெயர் கூடத்தில் நிலைத்தது. ஆழம் வெட்டிய பாட்டனார் பெயரை வீடுதோறும் நாமே எழுதிவைத்தல் கடன்.