விபுலாநந்த அடிகளின் வாழ்வும் மொழியாக்க நெறியும்

கவிஞராகவும் மெய்யியலாளராகவும் ஒருங்கே விளங்கியோரின் மொழிபெயர்ப்புப் பணி, இலக்கிய வரலாறுகளில் ஓரிரு வரிகளில் அடங்கிவிடுவது வழக்கம். ருமேனியக் கவிஞரும் மெய்யியலாளருமான லூசியன் பிளாகா (1895–1961) இதற்குச் சான்றாவார். பொதுவுடைமை ஆட்சியில் குளூஜ் பல்கலைக்கழகப் பேராசிரியப் பதவியை இழந்து, சொந்தப் படைப்புகளை வெளியிட இயலாதிருந்த காலத்தில் அவர் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டார். கேத்தேயின் 'பௌஸ்ட்' அவரது மொழிபெயர்ப்பில் 1955இல் வெளிவந்தது. அவருக்கு மொழிபெயர்ப்பு ஒரு புகலிடமாயிற்று. ஏறத்தாழ அவர் காலத்தவரான ஈழத்து விபுலாநந்த அடிகளுக்கோ (1892–1947) அது புகலிடமன்று; துறவு, கவிதை, இசையாய்வு, அறிவியற் கல்வி எனப் பிரிந்து கிடந்த பணிகளை ஒன்றாகப் பிணைத்த நெறி எனலாம். அந்நெறியின் இயல்பையும் எல்லையையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகைக் கல்வி

மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த காரைதீவில் பிறந்த அடிகளின் இயற்பெயர் மயில்வாகனம் என்பது. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக அறிவியற் பட்டத் தேர்விலும் தேறினார். தமிழ் கற்றோர் அறிவியலையும் அறிவியல் கற்றோர் தமிழையும் அறியாதிருந்த சூழலில் இவ்விரு கல்வியும் ஒருவரிடத்தே சேர்ந்தமை குறிப்பிடத்தக்கது. 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இறுதிக்காலம் வரை இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றினார். இடையே இமயமலைச் சாரலில் உள்ள மாயாவதியில் தங்கி, 'பிரபுத்த பாரதா' என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராகவும் இருந்தார்.

மதங்கசூளாமணி

அடிகளின் மொழியாக்க நெறியை முதலில் தெளிவாகக் காட்டுவது 1926இல் வெளிவந்த 'மதங்கசூளாமணி' ஆகும். சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழர்க்கு அறிமுகம் செய்யும் இந்நூல், நேரே அந்நாடகங்களிலிருந்து தொடங்கவில்லை. முதலாவதான உறுப்பியல், சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் கொண்டு பழந்தமிழ்க் கூத்தின் உறுப்புகளை நிறுவுகிறது. அதன் பின்னரே எடுத்துக்காட்டியலில் சேக்சுபியர் நாடகங்கள் இடம்பெறுகின்றன. ஒழிபியல், வடமொழியில் தனஞ்சயன் இயற்றிய தசரூபகத்தின் வழி நாடக இலக்கணத்தை விளக்குகிறது.

இவ்வைப்புமுறை கருதத்தக்கது. பிறமொழிக் கருத்தொன்று வருமுன் அதற்குரிய இடம் தமிழில் உளதா என்று முதற்கண் தேடுதல். உளதாயின் அச்சொல்லையே புதுப் பயன்பாட்டிற்குக் கொணர்தல். பிற மரபிலிருந்து பெறவேண்டியதை மறைவின்றிப் பெறுதல் என்பன அடிகளின் நெறியாக இதனால் அறியப்படும்.

இதே நூல் அந்நெறியின் எல்லையையும் காட்டுகிறது. சேக்சுபியரைச் 'செகசிற்பியார்' என்றும், ரோமியோ, சூலியட் என்னும் பெயர்களை 'இரம்மியன்', 'சுசீலை' என்றும் அடிகள் வழங்கினார். ஒலியொப்புமையும் பொருளும் ஒருங்கே அமைந்த அழகிய ஆக்கங்கள் இவை; எனினும் பிற்கால மொழிபெயர்ப்பாளர் பொதுவாக இவற்றைக் கைக்கொள்ளவில்லை. பொதுச்சொல் பொருளைச் சுட்டுவது. அதற்கு ஒரு மொழியின் சொல்லை நீக்கி மற்றொரு மொழியின் சொல்லை வைத்தல் கூடும். இயற்பெயர் ஆளைச் சுட்டுவது. அதனை மாற்றின் ஆளே வேறாகத் தோன்றும். பெயர்களின் தமிழாக்கம் நிலைபெறாமைக்கு இதுவே காரணமாகலாம்.

கலைச்சொல்லாக்கம்

1930களில் சென்னை மாகாணத்தில் பள்ளிப் பாடங்களுக்குரிய கலைச்சொற்கள் வடமொழி வழி அமைய வேண்டுமா, தமிழ் வேர்களினின்று ஆக்கப்பட வேண்டுமா என்னும் பூசல் வலுத்திருந்தது. தமிழ்வழி அறிவியற் கல்வி நடைபெறக்கூடுமா என்பதே அப்பூசலின் அடியில் இருந்த வினா. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1936இல் கூட்டிய கலைச்சொல் மாநாட்டிற்கு அடிகள் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாக 1938இல் ஏறத்தாழ 10,000 சொற்கள் கொண்ட தொகுதி வெளிவந்தது. வடமொழி வல்லவராகிய ஒரு துறவி தமிழ்ச் சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை ஏற்றமை, அப்பூசலை மொழிப்பகையாக மட்டும் நோக்குதல் பொருந்தாது என்பதை உணர்த்துகிறது. கற்கும் மாணவனுக்குச் சொல் தன் பொருளைத் தானே விளக்க வேண்டும் என்பதே தமிழ் வேர்ச் சொற்களுக்குரிய வலிய வாதமாகும்.

யாழ்நூலும் கவிதையும்

வழக்கொழிந்த யாழை நூற்சான்றுகளினின்று மீட்க முயன்ற 'யாழ்நூல்' 1947 சூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. நரம்பின் நீளத்திற்கும் சுருதிக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டு, சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளுக்கு அடிகள் பொருள் கண்டார். செய்யுளின் மொழியை இயற்பியலின் மொழிக்குப் பெயர்த்த முயற்சி இது. இந்நூல் அரங்கேறிய மறுதிங்களே, 1947 சூலை 19ஆம் நாள், அடிகள் மறைந்தார்.

இறைவன் உவக்கும் மலர் யாது என வினவும் அவரது புகழ்பெற்ற பாடலும் இந்நெறிக்குப் புறம்பானதன்று. புறத்தே மலரும் பூக்களை விலக்கி, உள்ளத்தைக் கமலமாகவும் கூப்பிய கையைக் காந்தளாகவும் விழியை நெய்தலாகவும் அது கூறுகிறது. அகவழிபாடு என்னும் மெய்யியற் கருத்து, புதுச்சொல் எதுவும் வேண்டாது, பழந்தமிழ்ப் பூப்பெயர்களாலேயே உணர்த்தப்படுகிறது.

முடிவுரை

உள்ளதைத் தேடிய பின்னரே இல்லதை ஆக்குதல் என்னும் ஒரே நெறி, அடிகளின் நாடக ஆய்விலும் கலைச்சொற் பணியிலும் இசையாய்விலும் கவிதையிலும் செயற்பட்டுள்ளது. இந்நெறி மொழிபெயர்ப்பாளரிடம் பழைய இலக்கியத்திலும் உரைகளிலும் ஆழ்ந்த பயிற்சியை வேண்டுகிறது. அப்பயிற்சி குன்றுமிடத்து, இருக்கும் சொல்லை அறியாது புதுச்சொல் படைக்கும் நிலை உண்டாகும். இன்று கலைச்சொற் பட்டியல்கள் பெருகியுள்ளன. ஒரே பொருளுக்குப் பல சொற்கள் வழங்கும் இந்நிலையில், பட்டியலைத் தொகுப்பதற்கு முன் பழஞ்சொல்வளத்தைத் துறைவாரியாகத் தொகுத்தல் மேற்கொள்ளத்தக்க முதற்பணியாகும்.