பள்ளி திறப்பதற்கு முன் ஒரு ராத்திரி

அவருக்கு அறுபத்தைந்து வயதுக்குக் குறையாது. பாட்டு ஆரம்பித்து இரண்டு நிமிடமாகியும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாகவே நின்றிருந்தார். சுற்றிலும் எல்லாரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பாடகரின் குரல் நின்றது. கிட்டாரும் ட்ரம்பெட்டும் ஒதுங்கிக்கொள்ள, தாளம் மட்டும் மிச்சமிருந்தது. அந்த நொடியில் மனிதர் முன்னால் வந்தார். பாதங்கள் பின்னிப் பிரிந்தன. ஒரு கையைத் தரையில் ஊன்றி அரைவட்டம் சுற்றி எழுந்தார். முழங்கால் வலித்திருக்க வேண்டும், முகத்தில் தெரிந்தது. பாடகரின் குரல் திரும்பி வந்ததும் பழைய இடத்துக்குப் போய் மறுபடி கையைக் கட்டிக்கொண்டார்.

"என்னடா இது, நல்லா போற பாட்டுல பெருசு சும்மா நிக்குது. பாட்டே இல்லாத எடத்துல வந்து ஆடுது?" என்றான் நண்பன்.

ஆகஸ்ட் மாத சனிக்கிழமை. நியூயார்க்கின் ப்ராங்ஸ் பகுதியில் ஒரு சின்னப் பூங்கா. நியூஜெர்ஸியில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த நாங்கள் மூன்று தமிழ்ப் பையன்கள், எங்களைக் கூட்டிவந்த டீம் சீனியர் ஒருவர். அவர் ப்ராங்ஸில் பிறந்து வளர்ந்தவர். "பழைய ஹிப்ஹாப் தெரியணும்னா ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு என்கூட ஒரு ராத்திரி வாங்க" என்று பல வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு ஹிப்ஹாப் வந்த வழி வேறு. 2006-ல் மலேசியாவிலிருந்து யோகி பி - நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' வந்தது. கல்லூரி ஹாஸ்டலில் அதை ப்ளூடூத்தில் மாற்றி மாற்றிக் கேட்ட தலைமுறை நாங்கள். இளையராஜாவின் 'மடை திறந்து' அதில் வெட்டி ஒட்டப்பட்டு வேறொன்றாகியிருந்தது. பழைய பாட்டில் ஒரு துண்டை எடுத்து அதன்மேல் பேசுவது யார் கண்டுபிடித்த வித்தை என்று அப்போது நாங்கள் யோசித்ததில்லை.

பூங்காவில் நண்பன் கேட்ட கேள்விக்கு சீனியர் பதில் சொல்லவில்லை. கையை நீட்டி ஒரு திசையைக் காட்டினார். "அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தா ஒரு அபார்ட்மென்ட். கதை அங்க இருக்கு."

*

அந்தக் கட்டிடத்தின் முகவரி 1520, செட்ஜ்விக் அவென்யூ. 1973 ஆகஸ்ட் 11, அதுவும் ஒரு சனிக்கிழமைதான். அங்கே குடியிருந்த சிண்டி கேம்ப்பெல் என்ற பள்ளி மாணவிக்குப் பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்க வேண்டும். எல்லாரும் வாங்கும் பக்கத்துக் கடைத்தெருவில் வாங்க அவருக்கு விருப்பமில்லை. மன்ஹாட்டன் வரை போக வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். அபார்ட்மென்டின் பொதுக்கூடத்தை வாடகைக்கு எடுத்து ஒரு பார்ட்டி வைத்து டிக்கெட் போட்டால் என்ன என்று யோசித்தார். சிறிய அட்டைகளில் கையாலேயே அழைப்பிதழ் எழுதினார்கள். இரவு 9 மணி முதல் அதிகாலை 4 மணி வரை. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். பாட்டுப் போடுவதற்கு அண்ணன் க்ளைவ் இருந்தார். வயது 18. ஆஜானுபாகுவான உடம்பு என்பதால் நண்பர்கள் 'ஹெர்குலிஸ்' என்று கூப்பிட, அது சுருங்கி 'ஹெர்க்' ஆகி, டிஜே கூல் ஹெர்க் என்று நிலைத்துவிட்டது.

கேம்ப்பெல் குடும்பம் ஜமைக்காவின் கிங்ஸ்டனிலிருந்து வந்தது. ஹெர்க் ப்ராங்ஸுக்கு வந்தது 1967-ல். ஜமைக்காவில் அப்போது 'சவுண்ட் சிஸ்டம்' என்றொரு தொழில் உண்டு. நம்மூர் மைக்செட்காரரை நினைத்துக்கொண்டால் போதும். பெரிய பெரிய ஸ்பீக்கர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மைதானத்தில் அடுக்கி, இசைத்தட்டு போட்டு, மைக்கில் நாலு வார்த்தை பேசி ஊரையே ஆடவைப்பார்கள். யாருடைய செட் சத்தமாகக் கேட்கிறது என்பதில் போட்டாபோட்டி. சிறுவயதில் இதைப் பார்த்த ஹெர்க், அப்பா வாங்கி வைத்திருந்த ஸ்பீக்கர் செட்டின் வயர்களை மாற்றி மாற்றிப் போட்டு, அதிலிருந்து யாரும் எதிர்பார்க்காத சத்தத்தை வரவழைத்தார்.

ஊர்ப் பாசத்தில் முதலில் ஜமைக்கா பாட்டுகளைத்தான் போட்டார். கூட்டம் அசையவில்லை. ஜேம்ஸ் பிரவுன் மாதிரியான ஃபங்க் இசைக்கு மாறினார். கூட்டம் ஆடியது. ஆனால் ஹெர்க் இன்னொன்றையும் கவனித்தார். ஆட்டக்காரர்களில் கெட்டிக்காரர்கள் பாட்டு முழுக்க ஆடுவதில்லை. மற்ற வாத்தியங்கள் ஒதுங்கித் தாளம் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில நொடிகளுக்காகக் காத்திருக்கிறார்கள். அதற்கு 'பிரேக்' என்று பெயர். நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி சபை காபி குடிக்க எழுந்து போய்விடும். ப்ராங்ஸ் பிள்ளைகள் அதற்காகவே காத்திருந்தார்கள்.

பிரேக் சில நொடிகளில் முடிந்துவிடும். என்ன செய்யலாம்? ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதிகள், இரண்டு டர்ன்டேபிள்கள். ஒன்றில் பிரேக் முடியும்போது இன்னொன்றில் அதே பிரேக்கை ஆரம்பத்திலிருந்து போடுவது. முடிந்ததும் முதல் தட்டில் ஊசியைப் பின்னால் வைப்பது. சில நொடிகள் நிமிடங்களாக நீண்டன. பிறகு ஒரு பாட்டின் பிரேக்கிலிருந்து இன்னொரு பாட்டின் பிரேக்குக்குத் தாவுவது. இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் 'மெர்ரி கோ ரவுண்ட்', நம்மூர்த் திருவிழாவின் குடைராட்டினம். பிரேக்கில் ஆடுபவர்கள் 'பி-பாய்', 'பி-கேர்ல்' ஆனார்கள். எந்தப் பாட்டு என்று மற்ற டிஜேக்கள் கண்டுபிடித்துவிடக்கூடாது என்பதற்காக இசைத்தட்டின் நடுவிலிருக்கும் லேபிளை ஹெர்க் தண்ணீரில் ஊறவைத்துக் கிழித்துவிடுவாராம்.

பூங்காவில் அந்தப் பெரியவர் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

*

இந்தக் கட்டுரையை நான் வேறு மாதிரி எழுதத்தான் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். "வறுமையும் கோபமும் பெற்றெடுத்த குழந்தை ஹிப்ஹாப்" என்று முதல் வரிகூடத் தயார். அதற்குச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி ப்ராங்ஸின் குறுக்கே அதிவேகச் சாலை போட்டபோது, கிழக்கு ட்ரெமான்ட் பகுதியில் ஒரு மைல் தூரத்துக்கு மட்டும் 1,530 குடும்பங்கள் வீட்டைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. வசதியுள்ளவர்கள் வெளியேறினார்கள். எழுபதுகளில் காப்பீட்டுப் பணத்துக்காகச் சில வீட்டு உரிமையாளர்களே கட்டிடங்களுக்குத் தீவைக்க ஆளனுப்பினார்கள். நகராட்சி செலவைக் குறைக்கிறேன் என்று தீயணைப்பு நிலையங்களை மூடியது. தெருவுக்குத் தெரு இளைஞர் கும்பல்கள்.

இதெல்லாம் உண்மை. ஆனால் இந்த உண்மைகளிலிருந்து நேராக ஒரு கோடு போட்டு அந்த ஆகஸ்ட் ராத்திரிக்கு வந்துவிட முடியாது. நடுவில் இன்னொரு சம்பவம் இருக்கிறது. 1971 டிசம்பரில் 'கெட்டோ பிரதர்ஸ்' என்ற கும்பலைச் சேர்ந்த பெஞ்சமின், சண்டையை விலக்கிச் சமாதானம் பேசப்போன இடத்தில் கொல்லப்பட்டார். பழிக்குப் பழி என்று ப்ராங்ஸே எதிர்பார்த்தது. கெட்டோ பிரதர்ஸ் தலைவர்கள் பழிவாங்க மறுத்து, டிசம்பர் 8 அன்று எல்லாக் கும்பல்களையும் ஹோ அவென்யூவில் ஒரு கூடத்தில் உட்காரவைத்துப் பேசினார்கள். சண்டைகள் ஒரே நாளில் ஓயவில்லை. ஆனாலும் ஒரு தெருப் பையன் அடுத்த தெருவுக்கு நடந்துபோவது கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தியமானது. அது இல்லாவிட்டால் சிண்டியின் அட்டையைப் பார்த்துவிட்டு யார் வந்திருப்பார்கள்?

அந்த ராத்திரி யாரும் புரட்சி செய்ய வரவில்லை. ஒரு பெண்ணுக்குப் புதுத்துணி வேண்டியிருந்தது, மற்றவர்களுக்கு ஆட வேண்டியிருந்தது. ஹிப்ஹாப்பில் வறுமையை நேருக்கு நேர் பேசி ஊரறிந்த முதல் பெரிய பாடல் 'தி மெசேஜ்', அது வெளியானது 1982-ல். அதாவது ஒன்பது வருடம் கழித்து. அதைப் பதிவுசெய்ய கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷின் குழுவே முதலில் தயங்கியது. கஷ்டத்தை மறக்க பார்ட்டிக்கு வருகிறவனிடம் அவன் கஷ்டத்தையே பாடுவதா என்பது அவர்கள் வாதம். ஏழைகளின் வரலாற்றை எழுதும்போது நாம் துயரத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்கிறோம். அவர்களுக்கும் ஒரு சனிக்கிழமை ராத்திரி உண்டு என்பது மறந்துவிடுகிறது.

*

ஃப்ளாஷைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இன்ஜினியரிங் படித்தவன் என்ற முறையில் எனக்குப் பிடித்தவர் அவர்தான். பார்படோஸில் பிறந்து ப்ராங்ஸில் வளர்ந்தவர், தொழிற்கல்விப் பள்ளியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். ஹெர்க் ஊசியைக் குத்துமதிப்பாகத்தான் வைப்பார், தாளம் அங்கங்கே தட்டும். ஃப்ளாஷ் அதைச் சரிசெய்ய உட்கார்ந்தார். இசைத்தட்டில் க்ரேயானால் கோடு போட்டு, பிரேக் தொடங்கும் இடத்தைக் கடிகார முள் போலக் குறித்துக்கொண்டார். எத்தனை சுற்றுப் பின்னால் போக வேண்டும் என்று எண்ணினார். அடுத்த தட்டைத் தான் மட்டும் ஹெட்போனில் முன்கூட்டிக் கேட்பதற்கு ஒரு ஸ்விட்சைச் சொந்தமாகச் செய்துகொண்டார். பல மாத உழைப்பு. தாளம் ஒரு இழைகூடப் பிசகவில்லை. முதல்முறை கூட்டத்துக்கு முன்னால் செய்துகாட்டியபோது யாரும் ஆடவில்லை. நின்று வேடிக்கை பார்த்தார்கள். அன்று அழுததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

நாலு மாதம் உயிரைக் கொடுத்து எழுதிய கோடை டெமோவில் காட்டும்போது, எதிரில் இருப்பவர்கள் மௌனமாகத் தலையாட்டுவார்களே, அந்த வலிதான். அதன் பிறகே கூட்டத்தைக் கிளப்பிவிட மைக்கோடு ஆள் தேவை என்று ஃப்ளாஷுக்குப் புரிந்தது. ஹெர்க்கிடம் ஏற்கெனவே கோக் லா ராக் என்ற நண்பர் மைக்கில் பெயர்களைக் கூப்பிட்டு உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார். அந்தக் கூப்பாடுகள்தான் நீண்டு, எதுகை சேர்ந்து, ராப் ஆனது. கோடையில் பார்ட்டிகள் பூங்காவுக்கு இடம்பெயர்ந்தன. கரன்ட்? தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கிதான்.

1979-ல் நியூஜெர்ஸியில் சில்வியா ராபின்சன் தன் கம்பெனி வழியாக 'ராப்பர்ஸ் டிலைட்' வெளியிட்டார். இசைத்தட்டில் பதினான்கரை நிமிடம் ஓடும் பாட்டு. பிக் பேங்க் ஹேங்க் அதில் பாடிய வரிகளில் பல கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்பவரின் நோட்டிலிருந்து வந்தவை. கேஸின் பழைய மேடைப் பெயரின் எழுத்துகளைக்கூட மாற்றாமல் அப்படியே பாடிவிட்டார். கேஸுக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை. அடியில் ஓடும் இசை ஷிக் குழுவினுடையது. அவர்கள் சண்டை போட்டுத் தங்கள் பெயரைச் சேர்க்கவைத்தார்கள். ஹிப்ஹாப் உலகம் சுற்றக் கிளம்பியது இந்தத் தட்டில் ஏறித்தான், 'வல்லவன்' வரை வந்ததும் அதே வழியில்தான். ஆனால் ஆறு வருட ராத்திரிகளின் நாயகர்களான டிஜேக்கள் அந்தப் பாட்டில் இல்லை.

*

நள்ளிரவில் 1520-க்கு நடந்து போனோம். சாதாரண அடுக்குமாடிக் கட்டிடம், பக்கத்தில் நெடுஞ்சாலையின் இரைச்சல். தெருப்பலகையில் 'ஹிப்ஹாப் பொலிவார்ட்' என்று இன்னொரு பெயர். 2007-ல் கட்டிட உரிமையாளர் குறைந்த வாடகைத் திட்டத்திலிருந்து வெளியேறப் பார்த்தபோது, குடியிருந்தவர்கள் ஹெர்க்கைக் கூட்டிக்கொண்டு போராடினார்கள். ஹிப்ஹாப் பிறந்த இடம் என்ற அங்கீகாரம் மாநில அரசிடமிருந்து அப்போதுதான் கிடைத்தது. அப்படியும் அடுத்த வருடம் கட்டிடம் முதலீட்டாளர்கள் கைக்குப் போனது. நகர நிர்வாகத்தின் உதவியோடு அது மீள இன்னும் சில வருடங்கள் ஆயின. பார்ட்டிக்காக ஒரு தங்கை வாடகைக்கு எடுத்த கூடம், முப்பத்து நாலு வருடம் கழித்து அங்கே வாடகைக்கு இருந்தவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பாக இருந்திருக்கிறது.

முதல் மாடியில் ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. நண்பன் போனில் படம் எடுக்கப்போனான்.

"அது வீடு" என்றார் சீனியர். "ஆளுங்க தூங்குற நேரம்."

போனை உள்ளே வைத்துக்கொண்டு ரயிலடிக்கு நடந்தோம். பூங்காவிலிருந்து தாளம் மட்டும் கேட்டது.

"மச்சி, பிரேக் போகுதுடா" என்றான். நாங்கள் திரும்பி நடந்தோம்.