போர்க்களத்தின் சாட்சியம்

போர்களைப் பற்றிய ஏடுகள் பெரும்பாலும் வென்றோர் பக்கத்தில் எழுதப்பட்டவை. நிலமோ எவர் பக்கமும் சாராத சாட்சி. அச்சாட்சியைக் கேட்டறிவதில் பொதுமக்களுக்கும் பங்குண்டு.

லோயர் கேம்ப்பை அடுத்துள்ள ஊர் கூடலூர். 2006ஆம் ஆண்டில் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். தமிழி எழுத்துப் பொறித்த அக்கற்கள் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையவை. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரை கவரும் பூசலில் மாண்ட வீரன் ஒருவனுக்கு எடுக்கப்பட்டது. அது இப்பள்ளத்தாக்குக் கூடலூரே எனக் கொள்வாரும் உளர். எந்த ஏட்டிலும் ஏறாத அச்சிறு பூசல், ஊரூராய்த் தேடி நடந்த இளைஞரால் வரலாற்றில் ஏறியது.

இதற்கு மாறாக, ஏட்டில் இருந்தும் மண்ணில் தேடப்பட வேண்டிய போர் ஒன்றுண்டு. 1342ஆம் ஆண்டையொட்டிச் சமயபுரத்துக்கு அருகே கண்ணனூர்க் கொப்பத்தில், மதுரை சுல்தான் கியாதுத்தீன் தாமகானிக்கும் ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளருக்கும் நிகழ்ந்த போரே அது. அதை அரபியில் விரிவாக வரைந்தவர் இப்னு பதூதா. அவரும் சுல்தானும் சகோதரிகள் இருவரை மணந்தவர்கள். எனினும் அவர் உறவுக்காக உண்மையை மறைக்கவில்லை. எண்பது வயதான வல்லாளரைச் சிறைப்பிடித்து, விடுவிப்பதாகக் கூறிப் பொருளைப் பெற்றபின் கொன்று, உடலின் தோலை உரித்து மதுரை மதிலில் தொங்கவிட்டதைத் தம் கண்ணால் கண்டதாகவே எழுதினார். பெண்களையும் குழந்தைகளையும் சுல்தான் கொல்வித்ததை வன்மையாகக் கண்டித்தார். தமக்கே பாதகமாயினும் நேர்மையாகச் சாட்சி கூறுக என்னும் திருமறையின் ஆணைக்கு (4:135) இஃது ஓர் எடுத்துக்காட்டு.

ஆயினும் படைகள் நின்ற இடம் எது, தாக்குதல் எத்திசையிலிருந்து வந்தது என்பவற்றை மண்தான் கூற வேண்டும். இங்கிலாந்தில் 1485இல் நடந்த பாஸ்வொர்த் போரின் களம் ஒரு குன்றென நெடுங்காலம் கருதப்பட்டது. 2005 முதல் அறிஞரும் உலோகம் காட்டும் கருவி ஏந்திய தன்னார்வலரும் வயல்களை வரிசையாக அளந்து தேடினர். முப்பதுக்கு மேற்பட்ட ஈயக் குண்டுகளும், ரிச்சர்டு மன்னரின் பன்றிச் சின்னம் ஒன்றும் கிடைத்தன. களம் அக்குன்றிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தது தெளிவாயிற்று.

ஒவ்வொரு குண்டும் கிடைத்த இடம் குறிக்கப்பட்டதாலேயே இது கைகூடிற்று. ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இது புதிதன்று. அறிவிப்பாளர் தொடர் அறுந்த செய்தி வலுவிழக்கும். இடம் அறியப்படாத பழம்பொருளும் அத்தகையதே. ஆசையால் தோண்டியெடுப்பவர் அதன் இஸ்னாதையே அறுத்துவிடுகிறார்.

ஆதலின் தன்னார்வத் தொண்டின் முதற்கடமை தோண்டுவதன்று, காப்பதேயாகும். உழவில் பழங்காசோ ஆயுதமோ தட்டுப்பட்டால் இடத்தையும் ஆழத்தையும் குறித்து வட்டாட்சியருக்கோ அருங்காட்சியகத்துக்கோ தெரிவிக்க வேண்டும். மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடைய புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்குமாறு 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் பணிக்கிறது. வரப்பில் சாய்ந்து கிடக்கும் நடுகல்லைத் துவைகல்லாக்காமல் தடுப்பதும் தொண்டே.

நம் இளைஞர் இப்பணியில் பிற சமுதாய இளைஞருடன் தோளிணைய வேண்டும். கொப்பத்து மண்ணில் இரு தரப்பாரும் வீழ்ந்தனர். மண் நமக்குச் சாதகமாகப் பேசினும் பாதகமாகப் பேசினும், அதை மறைக்காமல் எடுத்துரைப்பதே இப்னு பதூதாவின் வழி.