தேடி வந்த நூலகம்



நான் தோட்டப் பள்ளியில் மாணவனாக இருந்தபோது, தலைமையாசிரியர் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. உள்ளே தமிழ்ப் புத்தகங்கள் வரிசையாக நின்றன. அவற்றின் முதுகில் எழுதியிருந்த பெயர்களை வெளியில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறேன். ஆறு ஆண்டுகளில் அந்த அலமாரி திறந்ததை ஒரே ஒரு முறை பார்த்தேன், அதுவும் கறையான் மருந்து அடிப்பதற்காக. சாவி பத்திரமாகத்தான் இருந்தது.

அந்த அலமாரியை நினைக்கும்போதெல்லாம் அமெரிக்காவில் உள்ள ஒரு சின்னப் பட்டணம் என் நினைவுக்கு வரும். மேரிலாந்து மாநிலத்தில் வாஷிங்டன் என்றொரு மாவட்டம். அதன் தலைப் பட்டணம் ஹேகர்ஸ்டவுன். 1901ஆம் ஆண்டில் அங்கே ஒரு பொது நூலகம் திறக்கப்பட்டது. பொறுப்பேற்ற அம்மையாரின் பெயர் மேரி டிட்கோம். அம்மாவட்ட மக்களில் மிகப் பலர் விவசாயிகள். விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் குதிரைக்கும் ஓய்வில்லை, மனிதனுக்கும் ஓய்வில்லை. ஒரு புத்தகத்துக்காக யார் வண்டி பூட்டிக்கொண்டு பட்டணத்துக்கு வரப்போகிறார்கள்?

டிட்கோம் அம்மையார் முதலில் மரப்பெட்டிகளில் புத்தகங்களை அடுக்கிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். ஒரு பெட்டியில் ஐம்பது புத்தகங்கள் அளவுக்கு இருக்கும். ஊர்க் கடையிலோ அஞ்சல் நிலையத்திலோ பெட்டியை வைத்துவிடுவார்கள். உப்பு வாங்க வருகிறவர் புத்தகத்தையும் எடுத்துப் போகலாம். இப்படி அறுபதுக்கு மேற்பட்ட இடங்களில் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஆனாலும் அம்மையாருக்கு மனம் நிறையவில்லை. கடைக்கே வராத பெண்களும், தூரத்துப் பண்ணைகளில் இருந்த குடும்பங்களும் விடுபட்டுப் போயினர்.

ஆகவே 1905ஆம் ஆண்டில் இரண்டு குதிரைகள் பூட்டிய ஒரு வண்டி புறப்பட்டது. இரு பக்கமும் வெளிப்புறத்தில் அலமாரித் தட்டுகள். கதவைத் திறந்தால் புத்தகங்கள் தெரியும், தரையில் நின்றபடியே எடுக்கலாம். ஓட்டியவர் ஜோஷுவா தாமஸ். அவர் நூலகக் கட்டடத்தைப் பராமரித்துவந்த பணியாளர். பாதை தெரிந்தவர், பண்ணைக்காரர்களோடு பேசத் தெரிந்தவர். நூலகப் பணிக்கு இந்த இரண்டு தகுதிகளும் எவ்வளவு தேவை என்பது தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. தொடக்கத்தில் வண்டி கறுப்பாக இருந்ததால், பிணம் ஏற்றும் வண்டி என்று நினைத்த ஒரு விவசாயி, இங்கே நிறுத்த வேண்டாம், எங்களுக்கு அது தேவையில்லை என்று சொல்லிவிட்டாராம். அதன் பிறகு சக்கரங்களுக்கும் கதவுகளுக்கும் சிவப்புச் சாயம் பூசினார்கள். சிரிப்பு வருகிறது அல்லவா? ஆனால் மக்கள் வரவில்லை என்று குறைசொல்லாமல் வண்டியின் நிறத்தை மாற்றினார்களே, அதை எண்ணிப் பாருங்கள். 1910ஆம் ஆண்டில் ரயில் பாதையைக் கடக்கும்போது சரக்கு ரயில் மோதி வண்டி நொறுங்கிவிட்டது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. 1912ஆம் ஆண்டில் மோட்டார் வண்டி வந்தது, பயணம் தொடர்ந்தது.

இடம் தேடிப் போனதைப் போலவே காலம் பார்த்துப் போகவும் அந்நாட்டு நூலகங்கள் கற்றுக்கொண்டன. அங்கே பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை கோடையில் வரும். விடுமுறையில் பிள்ளைகள் படிப்பை மறந்துவிடுகிறார்கள் என்று கண்டு, 1890களிலிருந்தே கோடைக்கால வாசிப்பு நிகழ்ச்சிகளை நடத்தத் தொடங்கினார்கள். கிளீவ்லாந்து நகர நூலகம் 1897ஆம் ஆண்டில் பிள்ளைகளுக்கென ஒரு வாசகர் சங்கமே அமைத்தது. புத்தகத்தை அழுக்காக்காமல் காப்பது அதன் விதி. பிட்ஸ்பர்க் நகரில் 1899ஆம் ஆண்டில் கதை சொல்லும் நேரம் வந்தது. 1919ஆம் ஆண்டு முதல் குழந்தைகள் புத்தக வாரம் கொண்டாடப்படலாயிற்று.

பிட்ஸ்பர்க் நூலகத்துக்குப் பணம் கொடுத்தவர் எஃகு முதலாளி கார்னகி. அவருடைய ஆலைகளில் தொழிலாளர்கள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தார்கள் என்பதையும் வரலாறு சொல்கிறது. வேலை முடிந்து வந்தவனுக்குக் கண் திறக்க வேண்டுமே, பிறகல்லவா புத்தகம் திறப்பது?

நம் முன்னோர் பிறந்த மண்ணிலும் இப்படி ஒரு வண்டி ஓடியது. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், தஞ்சைச் சீமையில் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசல் என்ற ஊரில், மாட்டு வண்டி நூலகம் ஒன்று தொடங்கிவைக்கப்பட்டது. வண்டியை ஏற்பாடு செய்தவர் ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை. தொடங்கிவைத்தவர் நூலக அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன். நூல்கள் பயன்படுவதற்கே என்பதை முதல் விதியாக வைத்து அவர் எழுதிய புத்தகம் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் அன்றிருந்த ராபிள்ஸ் நூலகத்தில் சந்தா கட்டினால்தான் புத்தகம். 1953ஆம் ஆண்டில் லீ கொங் சியான் 375,000 வெள்ளி தர முன்வந்தார். நூலகம் எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், நம் மக்களின் மொழிகளிலும் நூல்கள் வேண்டும் என்பது அவர் கேட்டது. 1960ஆம் ஆண்டில் தேசிய நூலகம் திறக்கப்பட்டது. நடமாடும் நூலக வண்டியும் அதே ஆண்டில் புறப்பட்டது. லீ கொங் சியான் ரப்பர் வணிகத்தில் பொருள் ஈட்டியவர். விடியுமுன் எழுந்து மரம் வெட்டிய கைகளுக்கும் அந்தக் கட்டடத்தில் ஒரு பங்கு உண்டு என்று நான் சொன்னால் மிகையாகாது.

நேரடியாகவே பங்களித்ததும் உண்டு. 1952ஆம் ஆண்டு முதல் கோ. சாரங்கபாணி அவர்களின் முயற்சியால் பொங்கலையொட்டித் தமிழர் திருநாள் கொண்டாடப்பட்டது. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, விளையாட்டு எல்லாம் நடக்கும். அவரே பின்னர், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் சேர்க்க, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதி திரட்டினார். தோட்டத்துப் பாட்டாளிகளும் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். தாங்கள் ஒரு நாளும் நுழையப் போகாத நூலகத்துக்கு! அவர்களுடைய லயத்துக்கு மட்டும் புத்தக வண்டி எதுவும் வரவில்லை.

ஆசிரியரான பிறகு நானும் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டேன். பால் சாமான் வந்த அட்டைப்பெட்டிதான். மாலையில் பள்ளியிலேயே வைத்திருந்து பார்த்தேன், ஓரிருவர்தாம் வந்தார்கள். பிறகுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்துக்கென்று ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. காலை மழை பெய்தால் வெட்டு இல்லை. ஆண்டின் தொடக்க மாதங்களில் மரம் இலையுதிர்த்துப் பால் குறையும். கையில் காசு இருக்காது, பொழுது இருக்கும். அப்படியொரு மழை நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தபோது, மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டி, மேலே பிளாஸ்டிக் போர்த்தி லயத்துக்குப் போனேன். ஒரு மூதாட்டி வாசலில் அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, எனக்கு எழுத்து தெரியாது. ஒண்ணு படிச்சுச் சொல்லுங்க, கேட்டுக்கிறேன்" என்றார்.

படித்தேன். பக்கத்து வீடுகளிலிருந்து பாய் கொண்டுவந்து விரித்தார்கள். மழை விடும்போது பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பெட்டி அன்று பள்ளிக்குத் திரும்பவில்லை, அந்த மூதாட்டியின் திண்ணையிலேயே தங்கிவிட்டது.

பெற்றோர்களே, உங்கள் பகுதியிலும் இப்படி ஒரு பெட்டி வைக்க அதிகம் தேவையில்லை. ஒழுகாத ஒரு திண்ணை வேண்டும். யார் எடுத்தார்கள் என்று எழுத ஒரு நோட்டுப் புத்தகமும், அதோடு கட்டிய ஒரு பென்சிலும் வேண்டும். நூல் கயிறு போதாது, பிள்ளைகள் அறுத்துவிடுவார்கள். மெல்லிய கம்பியால் கட்டுங்கள். பூட்டு வாங்க வேண்டாம்.