தியானப் பிரார்த்தனை

கிறிஸ்தவ ஞானமரபில், வாய்ச்சொல்லிலும் சிந்தனையிலும் தொடங்கும் வேண்டுதல் படிப்படியே அடங்கி, ஆன்மா இறைவன் சந்நிதியில் மௌனமாய் நிலைக்கும் நிலை. சுத்திகரிப்பு, ஞான ஒளி, ஐக்கியம் என்னும் மூன்று மார்க்கங்களாக இதனைப் பழைய ஆசிரியர் வகுத்தனர்.

ஸ்பானிய நாட்டு அவிலா தெரேசம்மாள் (1515–1582) தம் சுயசரிதையில் இதனைத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் நான்கு வழிகளாக விளக்குகிறார். கிணற்றில் வாளியிட்டுக் கைநோக இறைப்பது முதல்நிலை; உருளை இயந்திரத்தால் குறைந்த உழைப்பில் மிகுந்த நீர் பெறுவது இரண்டாவது; ஓடைநீர் தானே பாய்வது மூன்றாவது; தோட்டக்காரன் கை அசையாமலே வானம் பொழிவது நான்காவது. பர்கூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டில் மழைக்காக வானம் பார்த்து நின்ற உழவனுக்கு இவ்வுவமையை விளக்கவே வேண்டுவதில்லை. கிணறு வற்றிய நாளிலும் இறைக்கப் போவதே அன்பு என்று அவர் கருதியதுதான், எமது எண்ணத்தில், அந்நூலின் ஜீவன்.

தமிழகத்தில் இம்மரபு உபநிஷத ஞானத்தோடு உறவாடிய க்ஷேத்திரம், குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், 1950-இல் மோன்சானின் அடிகளும் அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பூண்ட ஹென்றி லெ சோ அடிகளும் காவிரிக்கரையில் நிறுவிய சச்சிதானந்த ஆசிரமமாகிய சாந்திவனமாகும். 1949-இல் ரமண மகரிஷியைத் தரிசித்த லெ சோ, பின்னர் அருணாசலக் குகைகளில் மௌனம் காத்தார். 1968-இல் சாந்திவனத்தின் பொறுப்பேற்ற பீட் கிரிஃபித்ஸ் அடிகள், 1993-இல் மறையும்வரை அங்கே வாழ்ந்தார்.