தி சிம்ப்சன்ஸ் தொடரின் குரல்கள்: தேர்வும் மாற்றமும்

தி சிம்ப்சன்ஸ் என்பது அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 1989 டிசம்பர் 17 முதல் ஒளிபரப்பாகிவரும் அசைவூட்டத் தொடர் ஆகும். ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் கற்பனை நகரில் வாழும் ஹோமர், மார்ஜ் தம்பதியரும் அவர்களின் பிள்ளைகளான பார்ட், லிசா, மாகி ஆகியோரும் இதன் முதன்மைப் பாத்திரங்கள். பல பத்தாண்டுகள் கடந்தும் பார்ட்டுக்குப் பத்து வயதுதான். லிசாவுக்கு எட்டு வயதுதான். ஆனால் அவர்களுக்குக் குரல் கொடுப்பவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. குரல் நடிகர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எந்தக் குரலை மாற்றினார்கள், எதை மாற்ற மறுத்தார்கள் என்பதைத் தொடர்ந்து பார்த்தால், ஒரு பாத்திரத்தின் குரல் யாருக்கு உரியது என்ற கேள்விக்கு இத்தொடர் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடைகளைத் தந்திருப்பது தெரியும். அக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது அபு என்ற இந்தியப் பாத்திரத்தை ஒட்டித்தான்.

தொடக்கம்

சிம்ப்சன் குடும்பம் முதலில் தனித் தொடராக வரவில்லை. 1987 ஏப்ரல் 19 அன்று தி டிரேசி உல்மன் ஷோ என்ற நகைச்சுவை நிகழ்ச்சியின் இடையே வரும் ஒரு குறும்படமாகவே அது அறிமுகமானது. ஓவியர் மாட் கிரேனிங் அதை உருவாக்கினார், ஜேம்ஸ் எல். புரூக்ஸ் தயாரித்தார். ஓரிரு நிமிடம் ஓடும் துண்டுப் படங்களுக்காகத் தனியே பெரிய நடிகர்களைத் தேடாமல், அந்த நிகழ்ச்சியிலேயே நடித்துக்கொண்டிருந்த டான் காஸ்டெலனெட்டாவை ஹோமராகவும், ஜூலி காவ்னரை மார்ஜாகவும் பேசவைத்தனர். படப்பிடிப்பு அரங்கில் பார்வையாளர் இருக்கைகளுக்கு மேலே இருந்த ஓர் அறையில், எளிய ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டே தொடக்கக் காலப் பதிவுகள் நடந்தன.

பிள்ளைகளுக்கு மட்டும் வெளியிலிருந்து ஆள் தேடினர். நான்சி கார்ட்ரைட் லிசா பாத்திரத்துக்கான குரல் தேர்வுக்குத்தான் வந்தார். வந்த இடத்தில் பார்ட்டைப் பற்றிய குறிப்பைப் படித்தவர், அந்தக் குறும்புக்காரச் சிறுவனாகவே பேசிப் பார்க்க விரும்பினார். பேசிக் காட்டியதும் கிரேனிங் அவரையே தேர்ந்தெடுத்தார். யார்ட்லி ஸ்மித்தின் கதை இதற்கு நேர்மாறு. அவர் பார்ட்டுக்காக வந்தார். குரல் மிக மெல்லியதாக இருந்ததால் லிசாவாக ஆக்கப்பட்டார்.

சிறுவனுக்குப் பெண் குரல் கொடுப்பது புதிதன்று. 1959இல் தொடங்கிய கார்ட்டூன் தொடரில் ராக்கி என்ற பறக்கும் அணிலுக்கு ஜூன் ஃபோரே குரல் கொடுத்தார். உண்மையான சிறுவனின் குரல் சில ஆண்டுகளில் உடைந்துவிடும். வளர்ந்த பெண்ணின் குரலோ நீண்ட காலம் மாறாமல் நிற்கும். பத்து வயதைத் தாண்டாத பார்ட்டுக்கு இது மிகவும் பொருந்தியது.

குரல் முதலில், ஓவியம் பிறகு

வேற்றுமொழிப் படத்துக்கு டப்பிங் செய்யும்போது திரையில் அசையும் வாய்க்கு ஏற்பக் குரல் பின்தொடரும். அமெரிக்க அசைவூட்டத் தொடர்களில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழானது. முதலில் கதைவசனம் எழுதப்படும். பின்னர் நடிகர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து அதை வாய்விட்டு வாசிப்பார்கள். எந்த இடத்தில் சிரிப்பு எழுகிறது என்று பார்த்து எழுத்தாளர்கள் திருத்துவார்கள். திருத்திய வசனம் பதிவான பிறகே காட்சிகள் வரையப்படும். சிம்ப்சன்ஸ் தொடரின் அசைவூட்டப் பணியில் பெரும்பகுதி தென் கொரிய நிறுவனங்களில் நடந்துள்ளது. நடிகரின் இழுப்பு, தயக்கம், பெருமூச்சு ஆகியவற்றைக் கேட்டே ஓவியர் புருவத்தையும் தோளையும் அசைக்கிறார். ஆகவே குரல் நடிகர் பாத்திரத்தை உருவாக்குபவர்களில் ஒருவராகவே இருக்கிறார்.

ஹோமரின் குரல் இதற்கு நல்ல சான்று. காஸ்டெலனெட்டா முதலில் வால்டர் மத்தாவ் என்ற திரைப்பட நடிகரின் குரலைத் தளர்வாகப் பின்பற்றிப் பேசினார். அரைமணி நேரத் தொடராக மாறியதும் அந்தக் குரலில் நீண்ட நேரம் பேசுவதும், அதில் பலவகை உணர்ச்சிகளைக் காட்டுவதும் கடினமாயின. படிப்படியாகக் குரலை மாற்றி, இன்று உலகம் அறிந்த ஹோமரின் குரலை அவர் உருவாக்கினார். ஹோமர் சலிப்படையும்போது எழுப்பும் ‘டோ!’ என்ற ஒலியும் இவ்வாறு பிறந்ததே. வசனத்தாளில் எரிச்சலான முனகல் என்ற பொருளில் ஒரு குறிப்பு மட்டுமே இருந்தது. பழைய லாரல் - ஹார்டி படங்களில் நடித்த ஜேம்ஸ் ஃபின்லேசனின் முனகலைக் காஸ்டெலனெட்டா எடுத்துச் சுருக்கிக்கொண்டார். அச்சொல் 2001இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் இடம்பெற்றது.

நகரம் பெரிதாகப் பெரிதாகப் பாத்திரங்கள் பெருகினாலும் முதன்மை நடிகர்கள் ஆறு பேராகவே இருந்தனர். ஹாங்க் அசாரியா மதுக்கடைக்காரர் மோ, காவல்துறைத் தலைவர் விக்கம், கடைக்காரர் அபு, ஹோமரின் கறுப்பின நண்பர் கார்ல் எனப் பலராகப் பேசினார். மோவுக்கு முதலில் கிறிஸ்டோபர் காலின்ஸ் குரல் கொடுத்திருந்தார். அவருடைய பதிவை நீக்கி அசாரியாவைப் பேசவைத்தனர். ஹாரி ஷீரர் முதலாளி பர்ன்ஸ், அவருடைய உதவியாளர் சுமிதர்ஸ், அண்டைவீட்டுக்காரர் ஃபிளாண்டர்ஸ், கறுப்பின மருத்துவர் ஹிப்பர்ட் ஆகியோருக்குக் குரல் தந்தார். பர்ன்சும் சுமிதர்சும் உரையாடும்போது ஒருவரே இருவராகப் பேசுகிறார். முகம் தெரியாத கலையில் ஒருவர் யாராகவும் ஆகலாம் என்ற நம்பிக்கையின் மேல் இந்த ஏற்பாடு நின்றது. 1992இல் இத்தொடரின் குரல் கலைஞர்கள் ஆறு பேர் எம்மி விருது பெற்றனர்.

குரலின் விலை

1998இல் ஊதியத் தகராறு வெடித்தது. அப்போது முதன்மை நடிகர்கள் ஓர் அத்தியாயத்துக்குப் பெற்றது சுமார் 30,000 டாலர். தொடரின் வழியே ஃபாக்ஸ் ஈட்டிய வருமானத்தோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு என்று அவர்கள் வாதிட்டனர். நிறுவனம் வேறு குரல்களைத் தேடத் தயாரானது. ஆனால் நடிகர்கள் ஒன்றாக நின்றனர். கிரேனிங் அவர்கள் பக்கம் நின்றார். முடிவில் ஊதியம் 1,25,000 டாலராக உயர்ந்தது. 2004இல் அவர்கள் வசன வாசிப்புக்கு வர மறுத்தபோதும் ஊதியம் மீண்டும் உயர்ந்தது.

இந்தப் போராட்டங்கள் ஒரு கொள்கையை நிலைநாட்டின. ஓவியத்தை யாரும் வரையலாம். குரலை மாற்றினால் ஹோமர் ஹோமராக இருக்கமாட்டார் என்பதே அது. தயாரிப்பாளர்களும் துயரமான தருணங்களில் அக்கொள்கையை மதித்தனர். ஃபில் ஹார்ட்மன் 1998 மே மாதம் கொல்லப்பட்ட பின், அவர் பேசிய டிராய் மெக்லூர், லயனல் ஹட்ஸ் ஆகிய இரு பாத்திரங்களையும் வேறு நடிகருக்குத் தராமல் ஓய்வுபெறச் செய்தனர். 2013 அக்டோபரில் மார்சியா வாலஸ் இறந்தபோது, அவர் குரல் கொடுத்த ஆசிரியை எட்னா கிரபாப்பலும் தொடரிலிருந்து விடைபெற்றார்.

அபுவின் குரல்

அபு நகசபீமபெட்டிலோன் 1990 பிப்ரவரி 25 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தில் முதன்முதலாகத் தோன்றினார். குவிக்-இ-மார்ட் என்ற சிறு கடையை நடத்தும் இந்தியக் குடியேறி அவர். சத்யஜித் ராயின் அபு திரைப்படங்களிலிருந்து எடுக்கப்பட்டது முதற்பெயர். குடும்பப் பெயர் வேடிக்கைக்காக நீட்டிப் புனையப்பட்டது.

அவருக்கு இந்திய உச்சரிப்பு வந்த விதத்தைப் பற்றி இரண்டு கூற்றுகள் உள்ளன. கடைக்காரர் இந்தியர் அல்ல என்று வசனத்தாளிலேயே குறித்திருந்ததாகவும், வாசிப்பின்போது அசாரியா அந்த உச்சரிப்பில் பேசியதும் அறை முழுவதும் சிரித்ததால் அதையே வைத்துக்கொண்டதாகவும் எழுத்தாளர் மைக் ரீஸ் சொல்கிறார். இந்திய உச்சரிப்பில் பேச முடியுமா, எவ்வளவு தூரம் மிகைப்படுத்த முடியும் என்று தன்னிடம் கேட்கப்பட்டதாக அசாரியா சொல்லியிருக்கிறார். எது சரியாக இருந்தாலும் இரண்டும் ஒரே உண்மையைக் காட்டுகின்றன. அந்தக் குரல் ஓர் இந்தியரைக் கேட்டு உருவானதன்று. சிரிப்பைக் கேட்டு உருவானது. 1968இல் வெளிவந்த தி பார்ட்டி படத்தில் ஆங்கிலேய நடிகர் பீட்டர் செல்லர்ஸ் இந்தியராக நடித்த முறையும் அசாரியாவுக்கு முன்மாதிரிகளுள் ஒன்றாக இருந்தது. அதாவது, அது ஒரு நகலின் நகல்.

அபு வெறும் கேலிப் பாத்திரமாக மட்டும் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர், உழைப்பாளி. 1996 மே மாத அத்தியாயம் ஒன்றில், குடியேறிகளை வெளியேற்றும் சட்டத்துக்கு அஞ்சிப் போலி ஆவணங்கள் வாங்குகிறார். தன் உச்சரிப்பைத் துறந்து அசல் அமெரிக்கர்போல் பேச முயல்கிறார். பிறகு வெட்கப்பட்டுத் தன் இயல்புக்கே திரும்புகிறார். குடியேறிகளின் வேதனையைப் பரிவோடு பேசிய அந்த அத்தியாயத்திலும் அபுவாகப் பேசியவர் இந்தியர் அல்லர். அபுவின் குரலுக்காக 1998இல் அசாரியா எம்மி விருது பெற்றார்.

1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் இந்திய வம்சாவளியினர் சுமார் 8 லட்சம் பேர். அன்றைய தொலைக்காட்சியில் அவர்களைப் போன்ற முகங்கள் மிக அரிது. ஆகவே அபுவின் குரலே பலருக்கு ‘இந்தியக் குரல்’ ஆகிவிட்டது. ‘நன்றி, மறுபடியும் வாருங்கள்’ என்ற பொருளில் அவர் சொல்லும் வாசகத்தை அதே உச்சரிப்பில் சொல்லி, தெற்காசியப் பிள்ளைகளைப் பள்ளியில் சீண்டுவது வழக்கமானது. 2010இல் அவர்களின் எண்ணிக்கை 28 லட்சத்தைத் தாண்டியது. அபுவைக் கேட்டு வளர்ந்த தலைமுறையிலிருந்தே நடிகர்களும் நகைச்சுவையாளர்களும் வந்தனர்.

அவர்களில் ஒருவரான ஹரி கொண்டபோலு 2017 நவம்பரில் தி பிராப்ளம் வித் அபு என்ற ஆவணப்படத்தை வெளியிட்டார். தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனான அசீஸ் அன்சாரி, கால் பென் உள்ளிட்ட தெற்காசிய வம்சாவளிக் கலைஞர்கள் அதில் தங்கள் அனுபவங்களைப் பகிர்ந்தனர். கொண்டபோலு தொடரை வெறுப்பவர் அல்லர். அதன் நெடுநாள் ரசிகர். அதனால்தான் அவருடைய கேள்விக்கு எடை இருந்தது.

தொடரின் முதல் பதில் பலருக்கு ஏமாற்றமளித்தது. பல ஆண்டுகளுக்கு முன் பாராட்டப்பட்ட ஒன்று இன்று தவறாகக் கருதப்பட்டால் என்ன செய்வது என்ற பொருளில், அபுவின் படத்தை அருகில் வைத்துக்கொண்டு லிசா பேசும் காட்சி 2018 ஏப்ரல் 8 அன்று ஒளிபரப்பானது. தொடரின் மனச்சாட்சியாக விளங்கிய பாத்திரத்தின் வாயில் அந்தத் தட்டிக்கழிப்பை வைத்ததே பலரையும் உறுத்தியது. அதே மாதத்தில் அசாரியா, தான் விலகிக்கொள்ளத் தயார் என்று தொலைக்காட்சி நேர்காணலில் அறிவித்தார். 2020 ஜனவரியில் அபுவாக இனிப் பேசப்போவதில்லை என்பதை உறுதிப்படுத்தினார். 2021இல் தன் பங்குக்காக மன்னிப்பும் கேட்டார்.

2020ஆம் ஆண்டு முடிவு

ஜார்ஜ் ஃபிளாய்டு காவலரால் கொல்லப்பட்டதை அடுத்து அமெரிக்கா முழுவதும் போராட்டங்கள் எழுந்த நேரம் அது. பிக் மவுத், சென்ட்ரல் பார்க், ஃபேமிலி கை ஆகிய தொடர்களில் கறுப்பின அல்லது கலப்பினப் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்த வெள்ளையின நடிகர்கள் சில நாள் இடைவெளிக்குள் விலகினர். வெள்ளையரல்லாத பாத்திரங்களுக்கு இனி வெள்ளையர் குரல் தரமாட்டார்கள் என்று 2020 ஜூன் 26 அன்று சிம்ப்சன்ஸ் தயாரிப்பாளர்கள் அறிவித்தனர். கார்லுக்கு அலெக்ஸ் டெசர்ட்டும், மருத்துவர் ஹிப்பர்டுக்குக் கெவின் மைக்கேல் ரிச்சர்ட்சனும் குரல் தரத் தொடங்கினர். தான் அல்லாத ஒருவராக ஆவதே நடிகரின் தொழில் என்று ஷீரர் மாற்றுக்கருத்தைத் தெரிவித்தார்.

அவருடைய வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பெண் ஒருவர் பார்ட்டாகப் பேசும் உரிமையும் அதே அடிப்படையில் பிறந்ததுதான். ஆனால் அந்த உரிமை நடைமுறையில் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. வெள்ளையின நடிகர்கள் இந்தியராகவும் கறுப்பினத்தவராகவும் பேசினார்கள். இந்திய, கறுப்பின நடிகர்களுக்கோ ஹோமர் குடும்பத்தில் மட்டுமல்ல, தங்கள் சாயலில் வரையப்பட்ட பாத்திரத்திலும் இடம் கிடைக்கவில்லை. ‘யாரும் யாராகவும் ஆகலாம்’ என்ற விதி ஒரு திசையில் மட்டுமே செயல்பட்டது.

ஒரே தொடரில் குரலுக்கு மூன்று விதமான முடிவுகள் ஏற்பட்டுள்ளன. ஹார்ட்மனின், வாலஸின் பாத்திரங்கள் நடிகரோடு ஓய்வுபெற்றன. கார்லும் ஹிப்பர்டும் புதிய குரலோடு தொடர்ந்து பேசுகின்றனர். அபு மட்டும் ஊமையானார். அசாரியா விலகிய பின் அவர் கூட்டக் காட்சிகளில் பேசாமல் நிற்கும் உருவமாகவே தென்படுகிறார். அபுவின் கதைக்கு ஓர் இந்திய வம்சாவளி நடிகர் புது உயிர் கொடுக்கலாம் என்ற வழி திறந்தே இருந்தது. 2016 ஜனவரி அத்தியாயத்தில் அபுவின் உறவுக்கார இளைஞனாக உட்கர்ஷ் அம்புட்கர் பேசியதே அதற்கு முன்னோட்டம். விமர்சித்தவர்களில் கொண்டபோலு உட்படப் பலர் கேட்டது அபுவை அகற்றும்படி அன்று. அவரை மேலும் முழுமையான மனிதராக்கும்படியே. தவறான குரலை நிறுத்துவதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின. சரியான குரலைத் தேடும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.