மாடு நின்னா புரியும், மோட்டார் நின்னா?

சென்னை, பெங்களூருவில் இருக்கும் சொந்தக்காரங்க போன் பண்ணினா, "மழை உண்டா?" என்ற விசாரிப்புக்கு அப்புறம் அடிக்கடி வரும் கேள்வி ஒண்ணு இருக்குதுங்க. "வீட்டுல ட்ரிப்பர் விழுந்துக்கிட்டே இருக்குது, என்ன பண்றது?" நான் எலக்ட்ரீசியன் இல்லை. ஆனா நிக்கிற மோட்டாரோட மல்லுக்கட்டியே மூணு தலைமுறையா வெள்ளாமை பண்ற ஊர் எங்களுது. அதனால ட்ரிப்பரோட கதையை எங்க கிணத்து மேட்டிலிருந்தே சொல்றேன்.

கொங்கு நாட்டில் கரண்ட் வருவதற்கு முன்னால் கவலைதான். கவலைன்னா மனக்கவலை இல்லைங்க. மாடு கட்டித் தண்ணி இறைக்கிற முறைக்கு அதுதான் பேரு. ரெண்டு மாடு சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டு, கிணத்துக்குள்ளிருந்து சால் மேலே வந்து வாய்க்காலில் தண்ணியைக் கொட்டும். மாட்டுக்கு முடியலைன்னா நின்னுக்கும். இன்னும் அடிச்சா படுத்துக்கும். அப்போ ஓட்டறவர் வடத்தைப் பார்ப்பார், கால் லாடத்தைப் பார்ப்பார், மாட்டை அவிழ்த்துத் தண்ணி காட்டுவார். மாடு நின்னதுக்கு ஒரு காரணம் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

நீலகிரி பைகாராவில் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்க ஆரம்பித்தது 1932-ல். கோயம்புத்தூர் மில்லுகள் அதில்தான் பெருகின. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோவையிலேயே மின்மோட்டார் தயாரித்துக் காட்டினார்கள். 1957-ல் மின்சார வாரியம் அமைந்தபிறகு கம்பமும் கம்பியும் காட்டுக்குள்ளே வந்தது. கவலை மாடுகள் மெல்ல மெல்ல விலைக்குப் போயின.

மோட்டாருக்கும் மாட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மோட்டாருக்கு "முடியலை"ன்னு சொல்லத் தெரியாது. பாரம் கூடினா கூடுதல் கரண்ட்டை இழுக்கும். சூடேறி, காயில் கருகி, சாகிற வரைக்கும் இழுக்கும். அதுக்குப் பதிலா "முடியலை"ன்னு சொல்ல இன்னொரு ஆள் வேணும். அந்த ஆள்தான் முதலில் பீஸ் கட்டை. அளவுக்கு மேல் கரண்ட் போனா உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி உருகி அறுந்துடும். ஒவ்வொரு தடவையும் புதுக் கம்பி கட்டணும் என்பதுதான் தொந்தரவு.

அந்தத் தொந்தரவைத் தீர்த்தது ஜெர்மனி. மன்ஹைம் நகரில் ஹியூகோ ஸ்டாட்ஸ் என்பவரின் கம்பெனி 1924-ல் ஒரு சின்ன சுவிட்சுக்குக் காப்புரிமை வாங்கியது. இன்னிக்கு உங்க வீட்டுப் பெட்டியில் இருக்கும் எம்.சி.பி.க்கு அதுதான் பாட்டன். உள்ளே ரெண்டு காவல்காரங்க. ஒண்ணு, ரெண்டு உலோகத்தை ஒட்டிய பட்டை. சூடானால் மெதுவா வளைந்து சுவிட்சைத் தட்டி விடும். இது அதிக பாரத்துக்கு. இன்னொண்ணு, கம்பிச் சுருள். ஷார்ட் ஆனா காந்தமாகி, கண் இமைக்கும் நேரத்தில் இழுத்து விடும். எங்க ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும் ஓவர்லோடு ரிலேயிலும் பெரும்பாலும் அதே வளையும் பட்டைதான்.

சரி, ஊர்க்காரங்க இந்தக் காவல்காரனை எப்படி நடத்தினோம்?

பீஸ் அடிக்கடி போச்சுன்னா கம்பியை ரெண்டு இழை, மூணு இழையா முறுக்கிக் கட்டுவாங்க. ரிலே தட்டுச்சுன்னா திருகைத் திருப்பி ஆம்பியரைக் கூட்டி வைப்பாங்க. மூணு பேஸ்ல ஒண்ணு இல்லைன்னா கன்டென்சர் போட்டு ஓட்டுவாங்க. அதைத் தடுக்க வெச்ச ப்ரிவென்டரைக் கழட்டி வயரை நேரா இணைப்பாங்க. மாடு படுத்தா அவிழ்த்து விட்ட அதே கைகள், மோட்டார் நின்னா அதோட வாயைக் கட்டின.

இதைச் சோம்பேறித்தனம்னு சொல்லிட்டுப் போக முடியாதுங்க. பயிர் வாடிக்கிட்டு இருக்கும், கரண்ட் இருக்கப் போறதோ சில மணி நேரம். அந்தக் கரண்டுக்காக இந்த மண்ணில் உயிரும் போயிருக்கு. யூனிட்டுக்குப் பைசா கணக்கில் கூட்டிய கட்டணத்தை எதிர்த்த போராட்டத்தில், 1970-ல் பெருமாநல்லூர் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை நகரத்துக்குள் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது.

அது எங்க உரிமை. இன்னிக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனா கூடவே நடந்ததையும் சொல்லணும். கிணறு வத்தி போர் வந்தது. போர் ஆழமாக ஆழமாக 3 எச்.பி. 5 ஆச்சு, 5 எச்.பி. 10 ஆச்சு. டிரான்ஸ்பார்மர் மட்டும் பழையதுதான். எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டா வோல்டேஜ் இறங்கும். 415 வோல்ட்டில் ஏறக்குறைய ஏழெட்டு ஆம்பியர் இழுக்கிற 5 எச்.பி. மோட்டார், 320-க்கு இறங்கினா பத்துக்குப் பக்கம் இழுக்கும். ரிலே தட்டத்தான் செய்யும். தட்டினா திருகைக் கூட்டுவோம், காயில் எரியும், புதுக் காயில் கட்டக் காசு கொடுப்போம். பழுது மோட்டாரிலும் இல்லை, ரிலேயிலும் இல்லை. ஊரே சேர்ந்து ஏத்தின பாரத்தில் இருக்குது.

இதில் காயில் போனா காசோடு போகும். இன்னொரு வகை இருக்கு. ஈரமான கேபிள் ஜாயின்ட்டிலோ, தோல் உரிந்த வயரிலோ கசியும் கரண்ட். அதுக்கு எம்.சி.பி. தட்டாது, ஏன்னா ஆளைக் கொல்லும் கரண்ட் மோட்டார் இழுக்கிறதில் நூத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மனுச உடம்பு எவ்வளவு கரண்ட் தாங்கும்னு பல வருஷம் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், 1961-ல் கசிவைக் கண்டதும் துண்டிக்கும் கருவியை உருவாக்கினார். உங்க வீட்டில் 'டெஸ்ட்' பொத்தானோடு இருக்கும் ஆர்.சி.சி.பி. அந்த வம்சம்தான். போற கரண்ட்டும் திரும்பி வர்ற கரண்ட்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டாலே விழுந்துடும். மழைக்காலத்தில் மோட்டார் ரூமில் உயிரைக் கொடுத்த பல பேருக்கு இல்லாமல் போன காவல் அது.

இப்போ கேள்விக்கு வர்றேன். விழுந்தது எதுன்னு முதலில் பாருங்க. ஆர்.சி.சி.பி. விழுந்தா கசிவு: எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, அதை ஏத்தி, ஒவ்வொண்ணா மேலே தள்ளுங்க. எதைத் தள்ளும்போது விழுதோ அந்த வழியில் இருக்கும் பிளக்குகளைப் பிடுங்கி, ஒவ்வொண்ணா திரும்பச் சொருகுங்க. பெரும்பாலும் கீசரோ, வெளியில் நனையும் சாமானோ மாட்டும். எல்லாம் இறக்கியும் நிக்கலைன்னா வயரிங்கிலேயே கசிவு. நீங்க தொடாதீங்க, ஆளைக் கூப்பிடுங்க. எம்.சி.பி. போட்டதும் பட்டுன்னு விழுந்தா ஷார்ட். திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்க்காதீங்க. பத்து இருபது நிமிஷம் ஓடி விழுந்தா பாரம் அதிகம், இல்லைன்னா எங்கேயோ திருகு தளர்ந்து சூடாகுது.

"16 ஆம்பியரை எடுத்துட்டு 32 போட்டுடுங்க"ன்னு யாராவது சொன்னா மட்டும் கேட்காதீங்க. சுவத்துக்குள்ளே இருக்கும் வயர் பழைய வயர்தான். எங்க ஊர் அந்த வைத்தியத்தை ஐம்பது வருஷமா பண்ணிப் பார்த்தாச்சு. காயில் கட்டற கடைக்காரர்தான் மாடி வீடு கட்டினார்.